பாஸ்போர்ட் பத்திரமா இருக்கு

துபாய் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலை விட்டு இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மூன்று வருடம் ஊர் சுற்ற யோசனை சொன்னவன் நான். அந்த மூன்று வருடத்தில் நான் ஊர் சுற்றியது மொத்தம் நாலைந்து வெள்ளிக்கிழமைகள். மற்ற நாளெல்லாம் அல் கூஸில் இருந்த தொழிலாளர் கேம்ப், அங்கிருந்து கம்பெனி பஸ், துறைமுகம், திரும்பவும் கம்பெனி பஸ். அப்ரா படகில் ஒரு தடவைகூட ஏறாமல், 'கட்டாயம் அப்ராவில் போங்கள், மறக்கவே மாட்டீர்கள்' என்று ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

இது இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். கப்பல் பயணிகளை ஊருக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவரும் ஒரு பஸ் கம்பெனியில் எனக்கு வேலை. கமுதிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து போனவன், பி.ஏ. வரலாறு படித்ததில் கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்களை பஸ் கழுவப் போட்டார்கள், என்னைப் பேசப் போட்டார்கள். மாற்றிப் போட நீல நிற டீ-ஷர்ட் இரண்டு கொடுத்தார்கள். முதுகில் இங்கிலீஷில் 'மே ஐ ஹெல்ப் யூ' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கப்பல் ஏணியின் அடியில் நிற்க வேண்டும். காலையில் இறங்குகிற இரண்டாயிரம் பேரும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

வந்து சேர்ந்த முதல் வாரமே மந்தூப் கேம்புக்கு வந்தார். விசா, லேபர் கார்டு என்று கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைகிறவரை அங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் அறையில் ஆறு பேர், ஆறு பேரும் தமிழ். ஆளுக்கு ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரு பக்கம் அரபி, மறு பக்கம் இங்கிலீஷ். மற்ற ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். படித்தவன் என்ற மிதப்பில் நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தேன். 'என் பாஸ்போர்ட்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பதற்காக நானே விரும்பிக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறேன்' என்று இருந்தது.

"ஒண்ணும் இல்ல. பாஸ்போர்ட் பத்திரமா இருக்கறதுக்காகத்தான். போடுங்க கையெழுத்த" என்றேன்.

அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தொட்டவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். அவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் காதில் தனியாக விழுந்துவிட்டது.

"பத்திரமா? பத்திரம் எழுதிக் குடுக்கச் சொல்றானா?"

அறையே சிரித்தது. நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "அண்ணே, அந்தப் பத்திரம் இல்லண்ணே. பத்திரமா, சூதானமா வச்சிருப்பாங்கன்னு அர்த்தம்."

"ரெண்டும் ஒரே வார்த்தைதானப்பா. எங்க ஊர்ல பத்திரம்னு சொல்லிக் கையெழுத்து வாங்குனா அந்தப் பொருள் நம்ம கைக்குத் திரும்பாது" என்றார் அண்ணன். ஆனாலும் எல்லோரும் போட்டார்கள் என்று அவரும் போட்டார். மந்தூப் ஆறு பாஸ்போர்ட்டையும் ஒரு ரப்பர் பேண்டுக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அந்தக் குளிர்காலத்தில், கப்பல் சீசன் தொடங்கிய சமயம், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் ஏணியில் இறங்கி வந்தார். நான் சொன்ன யோசனைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைப்பையில் இருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். போன வருடம் கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவுக்குப் போயிருந்தாராம். அங்கேயும் என்னைப் போல ஒருவன் துறைமுக வாசலில் நின்றுகொண்டு இதைக் கொடுத்தானாம். "நீ பேசுவது ரொம்ப நீளம். இப்படி எழுதிக் கொடுத்துவிடு" என்றார்.

அந்தக் காகிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. டாக்சியில் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். ஆளுக்கா, வண்டிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் உடையோடு கடைத்தெருவுக்குள் வராதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்லுங்கள், எடுத்ததும் விலை கேட்பது இங்கே மரியாதை இல்லை. கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள், தீவின் நேரம் வேறாக இருக்கலாம், கப்பல் காத்திருக்காது. கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் ஒரு மரம் உண்டு. மழை வந்தால் அதனடியில் ஒதுங்காதீர்கள், சொட்டுகிற தண்ணீர் பட்டால் தோல் வெந்துவிடும். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே விட்டு வாருங்கள், அங்கே பத்திரமாக இருக்கும்.

வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் கோபித்துக்கொள்ளும் ஊர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். என்னிடம் காலையில் இருந்து சாயங்காலம் வரை கேள்வி கேட்கிறவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. முதுகைப் படித்துவிட்டு அப்படியே கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள்.

அதைப் பார்த்து நானும் ஒரு காகிதம் தயார் செய்தேன். தீவின் பெயரை எடுத்துவிட்டு துபாயைப் போட்டேன். கடற்கரையை எடுத்துவிட்டு தங்கச் சந்தையைப் போட்டேன். மசூதிக்குப் போவதானால் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள் என்று என் பங்குக்கும் சேர்த்தேன். சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம், ஐந்நூறு பிரதி எடுத்துவிட்டார். மூன்றாவது கப்பலில் ஒருவர் வந்து, "அந்தப் பச்சை ஆப்பிள் மரம் எங்கே இருக்கிறது? ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமே" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. மரத்தை எடுக்க மறந்திருந்தேன். மழையே இல்லாத ஊரில், இல்லாத மரத்தடியில் மழைக்கு ஒதுங்காதீர்கள் என்று ஐந்நூறு பேரை எச்சரித்திருக்கிறேன். கேம்பில் ஒரு மாதத்துக்கு என் பெயரே 'ஆப்பிள் மரம்' என்று ஆகிப்போனது.

பாஸ்போர்ட் வரியையும் நான் எடுக்கவில்லை. அது மறதி இல்லை, இங்கேயும் அதேதான் நடைமுறை. ஏறிய அன்றே பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது பயணி கையில் ஓர் அட்டைதான் இருக்கும். வயதானவர்களுக்கு அது பெரிய கவலை. தெரியாத நாட்டில் பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு பகல் முழுக்கவா என்று சட்டைப்பையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். "கவலைப்படாதீர்கள் சார், உங்கள் பாதுகாப்புக்காகத்தான். பத்திரமாக இருக்கிறது" என்பேன். ஒரு பகலுக்கே இந்தத் தவிப்பா என்று எரிச்சலாகவும் இருக்கும்.

ஊரில் எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. அவளுக்கு ஒரே மகள். நான் கிளம்பும்போது மருமகளுக்கு ஒரு வயது முடிந்து இரண்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். குலதெய்வம் கோயிலில் ஊர் கூடி நடக்கும். மாமன் சீரோடு வந்து மடி கொடுக்க வேண்டும். மூன்றாவது வயதில் வைத்துக்கொள்ளலாம், லீவில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் முடிந்தால்தான் லீவு என்ற கம்பெனிக் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. தங்கச்சி வீட்டில் விசேஷத்தைத் தள்ளினார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் லீவு கேட்டேன். "சீசன் டைம், லீவ் மாஃபி" என்றார்கள். மாஃபி என்றால் கிடையாது. சரி, கப்பல் வராத கோடையில் கேட்கலாம் என்று பார்த்தால், கோடையில் எங்களைக் கட்டட சைட்டுகளுக்குப் போகும் பஸ்களில் போட்டுவிட்டார்கள். அங்கேயும் ஆள் பற்றாக்குறை, அங்கேயும் மாஃபி. தங்கச்சி இரண்டாவது தடவையும் தள்ளினாள்.

போன் செய்தால் அவள் என்னைக் குறை சொல்ல மாட்டாள். அதுதான் தாங்காது.

"பால்வாடியில எல்லாப் புள்ளையும் தோடு போட்டிருக்கு. இவ காதத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாண்ணே. எப்ப குத்துவீங்கன்னு கேட்டா, மாமா வரட்டும்டின்னு சொல்லி வச்சிருக்கேன். அஞ்சாவது வயசு நடக்குது. இதுக்கு மேல தள்ள முடியாதுண்ணே. தையில நாள் பாத்துட்டோம். வந்துருவேல்ல?"

"வந்துருவேன்த்தா" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

மறுநாளே ஆபீசுக்குப் போனேன். ஒரு வாரம் போதும், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று மந்தூப்பிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார். சீசன் முடியட்டும் என்றார். என் மருமகளின் காதுக்கும் உங்கள் சீசனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஹிந்தியில் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் கோபத்தில், "என் பாஸ்போர்ட்டைக் கண்ணிலயாவது காட்டுங்க பாய், இருக்கா இல்லையான்னு பாத்துக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தார். தட்டுத் தட்டாகப் பாஸ்போர்ட், எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு. எங்கள் அறைக் கட்டை உருவி என்னுடையதை எடுத்து மேசைமேல் விரித்துக் காட்டினார். போட்டோவில் இருந்தவன் என்னைவிட நல்ல நிறமாக இருந்தான். நான் கை நீட்டுவதற்குள் மூடிவிட்டார்.

"பாஸ்போர்ட் ஸேஃப் ஹை. துமாரே ஸேஃப்டி கே லியே" என்றார்.

கப்பலடியில் நான் தினமும் சொல்லும் அதே வாக்கியம். பாதுகாப்புக்காகத்தான், பத்திரமாக இருக்கிறது. ஆபீசை விட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? சுற்றிலும் ரோடு அகலம் அகலமாகத்தான் கிடந்தது. கேம்ப் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

தங்கச்சிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள், "பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சுக்கிறோம். ஆனா நீ ஒரு சட்ட அனுப்பு. அத மடியில விரிச்சு அதுக்கு மேல இவள உக்கார வைக்கிறேன். புதுசு வேணாம், நீ போட்டுக் கழட்டுனது" என்றாள். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவளாக அப்போதைக்கு உண்டாக்கியது.

சட்டையைக் கொடுத்துவிட ஆளும் கிடைத்தது. மூத்த அண்ணனுக்கு முதுகுவலி முற்றி, பஸ் கழுவக் குனிய முடியாமல் போய்விட்டது. குனிய முடியாதவன் எதற்கு என்று விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். அவர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள் போல. நான் டியூட்டி முடித்துக் கேம்புக்குள் நுழையும்போது அவர் பெட்டி வண்டிக்குள் ஏறியிருந்தது. அறைக்கு ஓடிப் போய் நல்ல சட்டையாகத் தேட நேரமில்லை. போட்டிருந்த நீல டீ-ஷர்ட்டை அங்கேயே கழற்றி அவர் கையில் திணித்தேன்.

"இதையா?" என்றார் அண்ணன், முதுகு எழுத்தைப் பார்த்து.

"இதத்தாண்ணே கழட்டுனேன். உங்க பாஸ்போர்ட் வந்துருச்சா?"

"ஏர்போர்ட் வாசல்ல தருவானாம். அதுவரைக்கும் பத்திரமா வச்சிருக்கானாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

காது குத்துகிற நாளில் கப்பல் இருந்தது. முகூர்த்தம் ஊர் நேரத்துக்கு ஒன்பதில் இருந்து பத்தரை, துபாயில் ஏழரையில் இருந்து ஒன்பது. பயணிகள் இறங்குகிற நேரமும் சரியாக அதுதான். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அன்றைக்கு மட்டும் என்னுடையதை ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். இந்நேரம் கிடாய் வெட்டியிருப்பார்கள், இந்நேரம் மொட்டை போட்டிருப்பார்கள் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் தங்கச் சந்தை, மியூசியம், ஐந்து மணி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தில் ஒன்பதரை. ஆசாரி ஊசியை எடுத்திருப்பார். என் முன்னால் தொப்பி போட்ட ஒரு முதியவர், பக்கத்தில் அவர் மனைவி. சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு, "என் பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்திரமாகத்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியாது சார். நானாக இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வேன்" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப ஏணியில் ஏறினார். பின்னால் நின்றவர்கள், என்ன, என்ன என்று கேட்டார்கள். அவருடைய மனைவி சொன்னார். பத்துப் பேர் திரும்பினார்கள், பிறகு நாற்பது பேர். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஏணியில் முட்டிக்கொண்டார்கள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த எட்டு பஸ்ஸும் ஆளில்லாமல் நின்றன. "க்யா போலா துமனே?", என்ன சொன்னாய் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, ரொம்ப நாளைக்குப் பிறகு, சந்தோஷமாகவும் இருந்தது.

அரை மணியில் அந்த முதியவர் மேலே இருந்து கையை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கையில் பாஸ்போர்ட்.

"கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நன்றி என்று என் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிப்போனார். நான் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று யாரிடமாவது சொல்லலாம் என்றால், கேட்கத்தான் ஆள் இல்லை.

மறுநாள் என் விசா கேன்சல். மூன்று வருடம் கெஞ்சிக் கிடைக்காத பாஸ்போர்ட், ஒரு தடவை உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையாகக் கிடைத்தது. பத்து நாள் முன்னாலேயே அந்த உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று அறையில் மிச்சம் இருந்த நாலு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "தம்பி, அன்னைக்கு அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னொருக்கா சொல்லு."

எனக்கு அது மனப்பாடம். "நாங்களா விரும்பிக் குடுத்துட்டோம்னு எழுதியிருந்துச்சுண்ணே" என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. அவர்களில் ஒருவரைக்கூட அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்தக் கையெழுத்தை நான் சிரித்துக்கொண்டே போட வைத்தேன் என்பது இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

ஏர்போர்ட் வாசலில்தான் மந்தூப் கொடுத்தார். "தேக்கோ, ஸேஃப் தா நா?" என்றார். பார், பத்திரமாகத்தானே இருந்தது என்று. உண்மைதான், ஒரு பக்கம்கூட மடங்கியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. மருமகள் வாசலில் நின்றிருந்தாள். மொட்டைத் தலையில் முள்முள்ளாக முடி, காதில் இரண்டு பொட்டுத் தோடு, ஓட்டை இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. தங்கச்சி அவளை முன்னால் தள்ளி, "மாமா வந்திருக்காகடி. போ, மடியில உக்காரு" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து மடியை விரித்தேன்.

பிள்ளை அசையவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது மாமா இல்ல. மாமா பீரோவுல இருக்கு" என்றாள்.

தங்கச்சி உள்ளே ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள், பிள்ளையும் நானும் பின்னாலேயே போனோம். சேலைகளுக்கு நடுவே நீல டீ-ஷர்ட், இஸ்திரி போட்டு, முதுகு எழுத்து மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். வியர்வையில் ஊறிவிடும் என்று நினைத்திருப்பாள். கையை நீட்டினாள்.

"குடுண்ணே, இதுலயே பத்திரமா வச்சிர்றேன்."

எடுத்து நீட்டினேன். அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனையை என் விரல்கள் விடவில்லை. விட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், விரல் கேட்கவில்லை. பிள்ளை எங்கள் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தது.

"விடுண்ணே" என்றாள் தங்கச்சி. "நாந்தானே."